கரண்டு போய் வந்தா தானா எழும்பணும்: பொது இடத்து மெஷினுக்கு எந்த ஓஎஸ்?

முக்கடல் (கன்னியாகுமரி)

எல்லாருக்கும் வணக்கம். எங்க லாட்ஜ் ரிசப்ஷன்ல ஒரு தொடுதிரை மெஷின் நிக்குது. 22 இன்ச் திரை, உள்ளுக்கு ஒரு சின்ன பிசி, 4 ஜிபி ராம், கீழ தெர்மல் பிரிண்டர். சூரிய உதயம் எத்தனை மணிக்கு, பாறைக்குப் போற படகு கவுண்டர் எப்போ திறக்கும், திருவனந்தபுரம் பஸ் எப்போன்னு ஆளுங்க அதுல பாப்பாங்க. ரூம் காலி பண்ணும்போது பில்லும் அதுலதான். தமிழ், மலையாளம், இந்தி, இங்கிலீஷ் நாலும் வேணும்.

பிரச்சனை இதாக்கும். சபரிமலை சீசன்ல விடியக்காலம் நாலு மணிக்கே லாபி நிறைஞ்சிரும். அந்த நேரம் பாத்து கரண்டு போகும், வரும், திரும்பப் போகும், வரும். ஒரே மழையில மூணு தடவை. மூணாவது தடவை திரை கறுத்து, வெள்ளை எழுத்துல இங்கிலீஷ்ல என்னமோ கேட்டுட்டு நிக்கும். என்டர் தட்டினாத்தான் மேல போகும். கீபோர்டு கிடையாது. நைட் டூட்டி பையன் ஸ்டோர் ரூம்ல கீபோர்டைத் தேடி எடுத்து, மெஷினுக்குப் பின்னால கையை விட்டு யுஎஸ்பியைத் தடவிச் சொருகணும். உப்புக்காத்துல அந்த போர்ட்டெல்லாம் பச்சை பிடிச்சுக் கிடக்கு. பாதி நேரம் கீபோர்டு எடுக்காது.

வித்த ஆள்கிட்ட கேட்டா, அது 'லைட்' விண்டோஸ் 7, அப்படித்தான் இருக்கும்னான். போன மாசம் வேற ஒருத்தர் 'லைட்' விண்டோஸ் 10 ஏத்தித் தந்தார். வேகம் நல்ல வேகம். ஆனா தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா வருது, பிரிண்டரும் எடுக்கல.

ஏடிஎம் மெஷின்ல இந்தக் கஷ்டம் ஒண்ணும் காணலையே? அதுக்குள்ள என்ன ஓஎஸ்? நமக்கு அது கிடைக்குமா?

வடசேரி வயர்மேன் (நாகர்கோவில்)

அண்ணே, ஏடிஎம் ஃபீல்டு சர்வீஸ்ல பதினாலு வருசம் ஓடியிருக்கேன். ஏடிஎம்லயும் எல்லாம் நடக்கும். களியக்காவிளை வரைக்கும் ராத்திரி ரெண்டு மணிக்கு பைக்ல போயிருக்கேன். நீங்க காலையில பணம் எடுக்க வரும்போது சரியாயிருக்கும், அதனால தெரியாது.

முதல்ல உங்க கறுப்புத் திரை. விண்டோஸ் 7 ஓடிட்டிருக்கும்போது கரண்டு போனா, அடுத்த பூட்ல, அதாவது மெஷின் திரும்ப எழும்பும்போது, ஒரு திரை காட்டி 30 செகண்டு எண்ணும், அப்புறம் தானா உள்ள போயிரும். பூட் ஆகிட்டிருக்கும் போதே கரண்டு போனாத்தான் வம்பு. அது 'ஸ்டார்ட்டப் ரிப்பேர்'க்குப் போய் கேள்வி கேட்க ஆரம்பிக்கும். நம்ம ஊர் கரண்டு போய் வர்ற விதத்துக்கு அது கண்டிப்பா நடக்கும். பிசிடிஎடிட்ங்கிற விண்டோஸ் கட்டளையில 'பூட் ஸ்டேட்டஸ் பாலிசி'யை 'இக்னோர் ஆல் ஃபெயிலியர்ஸ்'னு மாத்திட்டா அந்தக் கேள்வியே வராது. அதோட பயாஸ்ல, அதாவது விண்டோஸுக்கு முன்னால ஓடுற செட்டிங்ல, கரண்டு வந்ததும் தானா ஆன் ஆகணும்ங்கிறதையும் பாருங்க. இது ரெண்டும் அஞ்சு நிமிச வேலை. செஞ்சிருந்தா உங்க பையன் அந்த நேரம் ஸ்டோர் ரூம்ல துழாவ வேண்டாம்.

இனி ஏடிஎம் கதை. பழைய மெஷின்கள் ஓஎஸ்/2ல ஓடிச்சு. பிறகு விண்டோஸ். காரணம் நோட்டு எண்ணித் தள்ளுற டிஸ்பென்சர், கார்டு ரீடர், பின் பேட் எல்லாத்துக்கும் பொதுவா பேசுற எக்ஸ்எஃப்எஸ்ங்கிற தரம் விண்டோஸ் மேல வளர்ந்தது. விண்டோஸ் எக்ஸ்பி சப்போர்ட் 2014 ஏப்ரல் 8ல முடிஞ்ச பிறகும் ஏகப்பட்ட மெஷின் அதுலயே ஓடிச்சு. 2018 ஜூன்ல ரிசர்வ் பேங்க் சுற்றறிக்கை விட்டு, 2019 ஜூனுக்குள்ள எல்லா ஏடிஎம்மும் சப்போர்ட் உள்ள ஓஎஸ்க்கு மாறணும், பயாஸ் பாஸ்வேர்டு போடணும், யுஎஸ்பியை அடைக்கணும், அனுமதிச்ச புரோகிராம் மட்டும் ஓடணும்னு சொல்லிச்சு. அந்த ஒரு வருசம் நாங்க வீட்டுல சோறு தின்ன நாள் குறைவு.

ஆக ஏடிஎம்முக்குள்ள ரகசிய ஓஎஸ் ஒண்ணும் இல்ல. எது ஓடலாம்னு எழுதி வச்ச பட்டியல் இருக்கு, அதான் வித்தியாசம்.

தேன்கூடு (மார்த்தாண்டம்)

உதய நேரமும் பஸ் நேரமும் காட்ட எதுக்கு விண்டோஸ்? லினக்ஸ் போடுங்க.

ரப்பர் கடைக்காரர் ஒருத்தருக்கு வாசல்ல அன்னன்னைக்கு ஆர்எஸ்எஸ் 4 ரக ரப்பர் ஷீட் விலை காட்டுற போர்டு செஞ்சு குடுத்தேன். ராஸ்பெர்ரி பை 4ங்கிற கையளவு கம்ப்யூட்டர். மொத வருசம் சாதாரண ராஸ்பெர்ரி பை ஓஎஸ் போட்டேன். ஆடி மழைக்குள்ள மூணு மெமரி கார்டு போச்சு. எழுதிட்டிருக்கும்போது கரண்டு போனா ஃபைல் சிஸ்டம் உடையும், அவ்வளவுதான். அந்த வருசம் அவருக்கு முன்னால நிக்கவே கூச்சமா இருந்தது.

அடுத்தது பில்ட்ரூட்ங்கிற கருவியில தேவையானதை மட்டும் சேத்து நானே லினக்ஸ் இமேஜ் கட்டினேன். கர்னல்ங்கிற லினக்ஸ் மையம், அடிப்படைக் கட்டளைகளுக்கு பிஸிபாக்ஸ், நெட்வொர்க், போர்டு புரோகிராம். இவ்வளவுதான். ரூட் ஃபைல் சிஸ்டம் ஸ்குவாஷ்எஃப்எஸ், அதாவது சுருக்கிக் கட்டின, படிக்க மட்டும் முடியுற ஒண்ணு. எழுதவே வழியில்லாததை கரண்டு எப்படி உடைக்கும்? ரெண்டு மழைக்காலம் தாண்டியாச்சு, ஒரு கார்டு போகல.

பிஸிபாக்ஸ் பிறந்த கதை இந்த இழைக்குப் பொருத்தம். 1995ல புரூஸ் பெரென்ஸ்ங்கிறவர் டெபியன் லினக்ஸ் இன்ஸ்டாலரை 1.44 எம்பி ஃபிளாப்பி ஒண்ணுக்குள்ள அடக்கணும்னு பல கட்டளையை ஒரே புரோகிராமா சேத்துக் கட்டினார். நம்ம வீட்டு ரவுட்டர்ல இன்னைக்கும் பெரும்பாலும் அதுதான் இருக்கு.

வடசேரி வயர்மேன்

தம்பி, உங்க போர்டுக்கு அது சரி. அண்ணனுக்கு பில் போடணும். நேத்து போட்ட பில் இன்னைக்கு இருக்கணும். 'எழுதவே வழியில்லை'ன்னா கணக்கு எங்க போகும்?

ஏடிஎம்ல எலெக்ட்ரானிக் ஜர்னல்னு ஒண்ணு உண்டு. கார்டு நுழைஞ்சது, பின் அடிச்சது, எந்த கேசட்லருந்து எத்தனை நோட்டு போச்சு, எல்லாம் வரிவரியா எழுதும். நோட்டு ஷட்டருக்கு வந்த நேரம் கரண்டு போனா, ஆளு பணத்தை எடுத்தானா, மெஷின் திரும்ப இழுத்துதான்னு அந்த ஜர்னலை வச்சுத்தான் பேங்க் தீர்மானிக்கும். அந்த ஒரு வரி டிஸ்க்ல இல்லன்னா ஒரு ஏழை பத்தாயிரம் ரூபாய்க்கு மாசக்கணக்கில அலைவான். அப்படி அலைஞ்சவங்க முகத்தை நான் நேர்ல பாத்திருக்கேன். ஓஎஸ்ஸைப் பூட்டலாம், ஜர்னலைப் பூட்டக் கூடாது.

தேன்கூடு

ஒத்துக்கிடுதேன் அண்ணே. பில்லுக்குத் தனி பார்ட்டிஷன் வேணும். ரூட்டைப் பூட்டு, டேட்டாவைத் திற. ஓப்பன்டபிள்யூஆர்டிங்கிற லினக்ஸ் ஓடுற ரவுட்டர்ல செய்யுறதும் இதுதான். அடியில ஸ்குவாஷ்எஃப்எஸ், மேல எழுதுறதுக்கு ஒரு மெல்லிய அடுக்கு. ரீசெட் அடிச்சா மேல் அடுக்கு மட்டும் போகும், அடி அப்படியே நிக்கும்.

குளச்சல் அலை (குளச்சல்)

நான் கம்ப்யூட்டர் ஆளு இல்ல, போட்டுக்காரன். ஒரு சந்தேகம். எங்க போட்டுல ஜிபிஎஸ்ஸும், ஆழம் பாக்கிற எக்கோ சவுண்டரும் உண்டு. எஞ்சின் ஸ்டார்ட் அடிக்கும்போது பேட்டரி டவுன் ஆகி ரெண்டும் அணைஞ்சு திரும்பக் கத்தும். அடுத்த நொடி வலை போட்ட இடம் திரையில அப்படியே நிக்கும். ஒக்கிப் புயல் வந்த 2017க்குப் பிறகு எங்க ஆளுங்க மெஷினை மெஷினாப் பாக்கிறதில்ல, உயிராத்தான் பாக்கிறோம். அது இப்படி எழும்பும்போது லாட்ஜ் மெஷின் ஏன் எழும்பாது?

பத்மநாபபுரத்தாள் (தக்கலை, வேலைக்கு பெங்களூரு)

அண்ணே, நல்ல கேள்வி. நான் ஃபர்ம்வேர், அதாவது கருவிக்குள்ளயே இருக்கிற புரோகிராம், எழுதுறவ, சொல்லிப் பாக்கிறேன்.

அந்த மாதிரி கருவிகள்ல பெரும்பாலும் நாம நினைக்கிற ஓஎஸ்ஸே இருக்காது. ஃப்ரீஆர்டிஓஎஸ் மாதிரி, எந்த வேலை எப்போ ஓடணும்னு பாக்கிற சின்ன ஷெட்யூலர் ஒண்ணு இருக்கும், இல்லன்னா அதுவும் இருக்காது. புரோகிராம் ஃபிளாஷ்ல இருக்கு, அங்கிருந்தே ஓடும். ஓடும்போது அதை யாரும் மாத்த மாட்டாங்க. உங்க வலை போட்ட இடம் மட்டும் தனி இடத்துல எழுதப்படும். ஒழுங்கா எழுதினவங்கன்னா பழைய பதிவை அழிக்காம புதுசைப் பக்கத்துல எழுதி, சரிபார்த்த பிறகுதான் 'இனி இதான் செல்லும்'னு குறிப்பாங்க. பாதியில அணைஞ்சா பழையது செல்லும். கூடவே வாட்ச்டாக் ஒண்ணு நிக்கும். புரோகிராம் குறிச்ச நேரத்துக்குள்ள 'உயிரோட இருக்கேன்'னு தட்டலன்னா அது தானா ரீஸ்டார்ட் பண்ணும்.

முக்கடல் அண்ணே, இந்த 'லைட்' விஷயத்துல எனக்குக் கோபமே வருது. லைட் ஐஎஸ்ஓ (விண்டோஸ் ஏத்துற ஃபைல்) கட்டுறவங்க முழு விண்டோஸை எடுத்து, அவங்களுக்குத் தேவையில்லாததை வெட்டுறாங்க. அவங்க கேம் ஆடுற ஆளு. பிரிண்டருக்கு வேலை அனுப்புற பிரிண்ட் ஸ்பூலர் அவங்களுக்குத் தேவையில்ல, போச்சு. இந்திய மொழி எழுத்துருக்கள் தேவையில்ல, போச்சு. விண்டோஸ் 10ல தமிழுக்கு அடிப்படையா வர்றது நிர்மலா யுஐ. பழைய லதா, விஜயா ரெண்டும் கூடுதலா ஏத்திக்கிற பட்டியலுக்குப் போயாச்சு. நிர்மலாவையும் வெட்டிட்டா கட்டம்தான் வரும். சில லைட்ல விண்டோஸோட துண்டுகளைச் சேத்து வைக்கிற வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரையே எடுத்திருப்பாங்க. அப்புறம் எந்த அப்டேட்டும் உக்காராது, வெட்டினதைத் திரும்ப ஒட்டவும் முடியாது.

இந்த மாதிரி கருவிகளுக்குன்னே எக்ஸ்பி எம்பெடட் 2001ல வந்தப்போ வழியே வேற. பத்தாயிரத்துக்கும் மேல துண்டுகள் ஒரு தரவுத்தளத்துல இருக்கும். டார்கெட் அனலைசர் உங்க மெஷின்ல என்ன ஹார்டுவேர்னு பாத்துச் சொல்லும். டார்கெட் டிசைனர்ல வேணும்ங்கிற துண்டுகளைச் சேக்கணும். இதுக்கு அது வேணும்னு சார்புகளை அது காட்டும். வெறுமையிலருந்து மேல கட்டுறது அது, முழுசுலருந்து கீழ வெட்டுறது இது. ரெண்டுக்கும் நம்ம ஊர் வாய்க்காலும் கடலும் போல தூரம்.

ஆனா அங்கயும் தமிழுக்கு அடி விழுந்திருக்கு. எக்ஸ்பில இந்திய எழுத்தைக் கோக்கிற ஆதரவு தனியா ஏத்த வேண்டிய ஒண்ணு. அதை விட்டுட்டுக் கட்டினா எழுத்து வரும், சொல் வராது. நான் காலேஜ் படிக்கும்போது ஒரு தகவல் பலகையில 'நாகர்கோவில்' அப்படி உடைஞ்சு நின்னதை என் ரெண்டு கண்ணால பாத்தேன். 'கோ'வில இரட்டைக்கொம்பு முன்னால போகாம, க-வுக்குப் பின்னால புள்ளி வட்டத்தில தொங்கிட்டு நிக்கும். அப்பா பக்கத்துல நின்னு எழுத்துக்கூட்டிப் பாத்துட்டு, 'எனக்குக் கண்ணாடி மாத்தணும் போல'ன்னார். அவர் கண்ணுல ஒண்ணும் இல்ல. மெஷினைக் கட்டினவன் பட்டியல்ல தமிழ் இல்ல.

இன்னைக்கும் லினக்ஸ்ல சின்ன கிராபிக்ஸ் லைப்ரரி வச்சுக் கட்டினா இதே கதி. ஹார்ஃப்பஸ் இருக்கான்னு பாருங்க. அதுதான் கொம்பையும் காலையும் இடம் மாத்தி வைக்கும். குரோமியம் பிரவுசருக்குள்ள அது இருக்கு, நோட்டோ தமிழ் எழுத்துரு மட்டும் இமேஜ்ல சேத்தாப் போதும்.

ஆரல் காத்து (ஆரல்வாய்மொழி)

பாலிடெக்னிக்ல பாடம் எடுக்கிறேன். தங்கச்சி சொன்னதோட ஒண்ணு. அந்தத் துண்டு துண்டாக் கட்டுற விண்டோஸ் காலம் முடிஞ்சுபோச்சு. எம்பெடட் ஸ்டாண்டர்ட் 7க்கு 2020 அக்டோபர்ல சப்போர்ட் போச்சு. விண்டோஸ் சிஇ வழிவந்த எம்பெடட் காம்பாக்ட் 2013க்கு 2023 அக்டோபர்ல. சிஇ பெரிய விண்டோஸை வெட்டினது இல்ல, தனி கர்னல், 1996ல தொடங்கினது. சின்ன ராம்ல ஓடணும்னே எழுதினது. பழைய பில்லிங் கைக்கருவிகள்ல இன்னும் காணலாம்.

இப்போ இருக்கிறது விண்டோஸ் ஐஓடி என்டர்பிரைஸ் எல்டிஎஸ்சி. பேரைப் பாத்து சின்னதுன்னு நினைக்காதீங்க. அது முழு விண்டோஸ்தான், ஸ்டோர் போன்ற சில சாமான்கள் இல்ல, பூட்டுற வசதிகள் உண்டு. பெரிய நன்மை காலம்: 2021 பதிப்புக்கு 2032 ஜனவரி வரை பேட்ச், அதாவது ஓட்டையை அடைக்கிற திருத்தம், வரும். சாதாரண விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சது. கடையில தனியா விக்க மாட்டாங்க, மெஷினோட சேத்துத் தர்ற விநியோகஸ்தர்கிட்டதான் கேக்கணும்.

பேட்ச் எதுக்குன்னு கேட்பவங்களுக்கு: 2017 மே மாசம் வன்னாகிரைங்கிற, பணம் பறிக்கிற புரோகிராம் பரவினப்போ ஜெர்மனி ரயில் நிலையத்து அறிவிப்புப் பலகைகள்ல பணம் கேட்டு எழுத்து வந்துச்சு. அதுக்கான பேட்ச் ரெண்டு மாசம் முன்னால மார்ச்லயே வந்தாச்சு. பொது இடத்துல நிக்கிற மெஷினுக்குத்தான் யாரும் பேட்ச் போடுறதில்ல.

முக்கடல்

எல்லாருக்கும் நன்றி. பத்து நாள் கழிச்சு வந்து எழுதுறேன்.

லினக்ஸ் ஆசையாத்தான் இருந்தது தேன்கூடு தம்பி. ஆனா எங்க பில்லிங் சாஃப்ட்வேர் விண்டோஸ்ல மட்டும்தான் ஓடும். எல்டிஎஸ்சி 2021 லைசென்ஸ் வாங்கி ஏத்தியாச்சு. தமிழ் அழகா வருது. யுடபிள்யூஎஃப்ங்கிற எழுத்துப் பூட்டையும் போட்டேன். இனி டிஸ்க்ல எதையும் எழுதாது, எல்லாம் ராம்ல போகும், ரீஸ்டார்ட் ஆனா பழைய நிலைக்கு வந்திரும்னு படிச்சு சந்தோசப்பட்டேன்.

ரெண்டு அடி வாங்கினேன். ஒண்ணு, சனிக்கிழமை ரூம் வாடகை மாத்தினேன். ராத்திரி கரண்டு போச்சு. ஞாயித்துக்கிழமை காலையில பழைய வாடகையிலயே ஏழு பில் போயிருச்சு. சனிக்கிழமை போட்ட பில்லும் காணோம். வயர்மேன் அண்ணன் ஜர்னல் பத்தி எழுதினதைப் படிச்சும் எனக்கு உறைக்கல.

ரெண்டாவது, மூணு நாளைக்கு ஒருக்கா சாயங்காலம் மெஷின் அப்படியே உறைஞ்சு நிக்குது. கரண்டு போகல. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா அடுத்த மூணு நாள் ஓடுது.

வடசேரி வயர்மேன்

ஞாயித்துக்கிழமை விஷயம்: பில்லிங் டேட்டாபேஸை டி டிரைவுக்கு மாத்துங்க. சி-யை மட்டும் பூட்டுங்க, டி-யைத் திறந்து விடுங்க.

மூணு நாள் விஷயம்: உங்க திரையில யாரும் தொடாத நேரம் என்ன ஓடுது?

முக்கடல்

கடல், பாறை, வள்ளுவர் சிலை வீடியோ. வெப்சைட்லருந்து வரும்.

வடசேரி வயர்மேன்

அதான். பூட்டு போட்டா எழுதுறதெல்லாம் ராம்ல ஓவர்லேங்கிற தற்காலிக அடுக்குக்குப் போகும். அதோட அளவு நாம மாத்தலன்னா 1024 எம்பி. பிரவுசர் அந்த வீடியோவை கேஷ்ல எழுதி எழுதி மூணு நாள்ல அதை நிரப்பிரும். நிறைஞ்சா எழுத இடமில்ல, மெஷின் நிக்கும். வீடியோவை டி-யில வச்சு அங்கிருந்தே ஓட்டுங்க. பிரவுசர் கேஷைச் சின்னதாக்குங்க. தினம் ராத்திரி ரெண்டரைக்கு ஒரு ரீஸ்டார்ட் வையுங்க, ஓவர்லே காலியாயிரும். பேட்சுக்கு யுடபிள்யூஎஃப்ல சர்வீசிங் மோடுன்னு தனி வழி இருக்கு, மாசம் ஒருக்கா அதுல போடுங்க.

ஆரல் காத்து

திரை ஓரத்துலருந்து விரலை இழுத்தா விண்டோஸ் மெனு எட்டிப் பாக்கும். பிள்ளைங்க அஞ்சு நிமிசத்துல கண்டுபிடிச்சிரும். பாலிசியில அந்த எட்ஜ் ஸ்வைப்பை அணைச்சிருங்க. ஷெல் லாஞ்சர்ல, விண்டோஸ் திரையைக் காட்டுற எக்ஸ்ப்ளோரருக்குப் பதிலா உங்க புரோகிராமையே வையுங்க.

தேன்கூடு

மணி காட்டுற பேட்டரியையும் பாருங்க. அந்த 3 வோல்ட் நாணய பேட்டரி செத்தா, கரண்டு போய் வந்ததும் தேதி பல வருசம் பின்னால போகும். உடனே எந்த பாதுகாப்பான வெப்சைட்டும் திறக்காது, சான்றிதழ் தப்புன்னு சொல்லும். ராஸ்பெர்ரி பை 4ல அந்தக் கடிகாரமே கிடையாது, தனியா ஒண்ணு வாங்கிச் சொருகித்தான் என் போர்டு நிக்குது.

முக்கடல்

மூணு வாரம் ஆச்சு. நேத்து மத்தியானம் ஆள் குறைவான நேரம், மெயின் சுவிட்சை நானே நின்னு 25 தடவை அணைச்சுப் போட்டேன். பூட் ஆகிட்டிருக்கும்போது, வீடியோ ஓடும்போது, பில் அடிக்கும்போது, எல்லா நிலையிலயும். 25 தடவையும் தானா எழும்பி வந்தது. ஒவ்வொரு தடவையும் திரையில 'நாகர்கோவில்'ங்கிற சொல்லைப் பாத்தேன். கொம்பு கொம்பு இருக்கிற இடத்துல இருக்கு அக்கா. நடுவுல அடிச்ச பில்லும் டி-யில பத்திரமா கிடக்கு. கீபோர்டை ஸ்டோர் ரூம்லயே வச்சாச்சு.

ஒண்ணுதான் பாக்கி. தமிழ் பில் அடிக்க ஏழெட்டு செகண்டு ஆகுது. இங்கிலீஷ் பில் சட்டுனு வருது. காலையில பத்துப் பேர் நிக்கும்போது அது பெருசாத் தெரியுது.

பத்மநாபபுரத்தாள்

பிரிண்டருக்குள்ள தமிழ் எழுத்துரு இல்ல அண்ணே, அதனால உங்க பில் படமாப் போகுது. 80 மிமீ பேப்பர்ல ஒரு வரிக்கு 576 புள்ளி, அதாவது 72 பைட். 15 சென்டிமீட்டர் பில்லுன்னா சுமார் 1200 வரி, 86,000 பைட்டுக்கு மேல. இங்கிலீஷ் பில் ஒரு ஆயிரம் பைட்டுக்குள்ள முடிஞ்சிரும். ஏழெட்டு செகண்டுன்னா உங்க பிரிண்டர் சீரியல் கேபிள்ல நொடிக்கு 115200 பிட் (சுமார் 11,500 பைட்) வேகத்துல இருக்கணும், கணக்கு சரியா அங்கதான் வந்து நிக்குது. பின்னால யுஎஸ்பி சாக்கெட் இருக்கான்னு பாருங்க. லாட்ஜ் பேரும் லோகோவும் பிரிண்டர் மெமரியிலயே ஒருக்கா ஏத்தி வச்சிட்டா அதுவும் ஒவ்வொரு தடவையும் போக வேண்டாம்.

முக்கடல்

சீரியல்தான் அக்கா. யுஎஸ்பி சாக்கெட் இருக்கு, ரப்பர் மூடி போட்டு இருந்ததால பச்சை பிடிக்கல. மாத்தியாச்சு. கையை நீட்டுறதுக்குள்ள பில் வருது.